இரண்டு சுற்று டேப்

பாட்டிலை எறிந்தது முள்ளுதான். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். அவன் அதைக் கடைசிவரை மூடி மறைக்கத்தான் பார்த்தான். அவனுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மாலை ஐந்தரை மணி. எண்ணூறு பேர் நெருக்கியடித்து நின்ற அரங்கம். முன்வரிசையில் மேடைக்குப் பத்தடி தூரத்தில் முள்ளு நின்றிருந்தான். கையில் பாதி குடித்த சோடா பாட்டில், கண்ணாடி பாட்டில். மேடையில் கறுப்புக் கண்ணாடியும் தொந்தியுமாக ஒரு பெரியவர் பாடிக்கொண்டிருந்தார். முள்ளுவின் கை பின்னால் போனது, முன்னால் வந்தது. பாட்டில் நேராகப் போய்ப் பெரியவரின் தொண்டைக்குழியில் அடித்தது. அவர் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். மைக் அவர் வாயருகேதான் கிடந்தது, அதில் ஒரு கரகரப்புக் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் எறிய ஆரம்பித்தார்கள். முதல் கல் விழும்வரைதான் கூட்டத்துக்குக் கூச்சம். நாற்காலி பறந்தது, செருப்பு பறந்தது, ஒரு ஸ்பீக்கர் பெட்டி சரிந்து இரண்டு பேர் காலில் விழுந்தது. டிரம்ஸ்காரர் எழுந்தார். தாளத்தட்டு மாட்டியிருந்த இரும்புக் கம்பியைத் தாங்கியிலிருந்து உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் குதித்தார். எதிரில் வந்த மூன்று பேரின் முகத்தைப் பெயர்த்தார். கம்பி வளையும்வரை அடித்தார் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. முள்ளு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டான். கச்சேரியைப் பதிவு செய்யச் சட்டைக் காலரில் குத்தியிருந்த குட்டி மைக்கைத் தடவிப் பார்த்தான். ரெக்கார்டர் சட்டைப் பையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

இவன் எதற்காக அந்த மனிதரை அடிக்க வேண்டும்? பகையா? அதுதான் கொடுமை. அவரை இவன் அளவுக்குக் கொண்டாடியவன் உலகத்தில் கிடையாது.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் ‘துருக்கம்பி’ என்று ஒரு ராக் குழு இருந்தது. நான்கு பேர், இரண்டு இசைத்தட்டுகள், ஒவ்வொன்றிலும் முந்நூறு பிரதி. பாதிகூட விற்கவில்லை. தட்டுப் போட்ட கம்பெனி மூடியது, மூல டேப்புகள் கூரை ஒழுகியதில் பூஞ்சை பிடித்து நாசமாயின. பாடகர் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். டிரம்ஸ்காரர் அவருடைய சொந்தத் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்தார். மற்ற இருவரில் ஒருவர் செத்தார், ஒருவர் காணாமல் போனார். குழுவை எல்லாரும் மறந்தார்கள். மறப்பதற்கு முதலில் யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

பழைய சாமான் சந்தையில் அந்த இரண்டு தட்டுகளும் முள்ளுவின் கையில் சிக்கின. ரெக்கார்டு பிளேயரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வீட்டின் பின்னறையில் வைத்து, தட்டைக் கழுவி, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, சிடியாகப் போட்டான். பழைய அட்டையை அப்படியே நகலெடுத்தான். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த லேபிளில் பாட்டின் பெயரும் நேரமும் எப்படி இருந்தனவோ அப்படியே பின்னட்டையில் அச்சடித்தான். மூலையில் வட்டமாக ‘அசல் ஒலி’ என்று ஒரு முத்திரை வேறு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டான். தேடினால்தானே ஆள் கிடைக்கும்!

பதினோரு வருடத்தில் அந்தத் திருட்டு சிடி ஊர் ஊராகப் பரவியது. பிள்ளைகள் அதைக் கேட்டு கிதார் பழகினார்கள். செத்த குழுவுக்கு உயிர் வந்தது. அதைப் பார்த்துத்தான் யாரோ ஒருவர் அண்ணனையும் தம்பியையும் தேடிப்பிடித்து, கூலிக்கு இரண்டு வாத்தியக்காரர்களையும் சேர்த்து, மேடை ஏற்றினார். கூட்டத்தில் ஒரு ஆள் விடாமல் எல்லாரும் முள்ளுவின் சிடியைக் கேட்டு வந்தவர்கள். அசல் தட்டைக் கேட்டவர் யாருமில்லை.

அன்று மாலை பாட்டு ஆரம்பித்ததும் முள்ளு காதைத் தீட்டினான். சுருதி கீழே கிடந்தது. வேகம் இல்லை. அவன் உயிராக நினைத்த அந்தக் கூர்மையான குரலைக் காணோம். சுற்றிலும் முணுமுணுப்பு, பிறகு கூச்சல். “ஏத்துய்யா சுருதிய!” “தூங்கிட்டியா?” முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, மூன்றாவதாக ‘இரும்புக் கதவு’. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. இது அவர் இல்லை, யாரையோ பிடித்து வந்து நிறுத்தி ஏமாற்றுகிறார்கள் என்று முள்ளுவுக்குப் பட்டது. பட்டதும் ரத்தம் தலைக்கு ஏறியது. ஊரான் பாட்டைத் திருடி விற்றவன், மேடையில் நின்ற சொந்தக்காரரைப் பார்த்துப் ‘போலி’ என்று கத்தினான். கத்திய கையோடு எறிந்தான்.

மூன்றாம் நாள் காலையில் பின்னறையில் உட்கார்ந்து அந்த ஒலிப்பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டான். ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், குரல்வளை நொறுங்கிவிட்டது, இனி பாட்டு என்ன, பேச்சே சந்தேகம் என்று அதற்குள் செய்தி வந்திருந்தது. அந்தச் செய்தி முள்ளுவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தத்தான் செய்தது. ஆனாலும் ‘போலிதானே’ என்று ஒரு சமாதானம் வைத்திருந்தான். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு இரவு தூங்கினான். தூங்கி எழுந்ததும் கைக்கு வேலை கொடுத்தான்: ‘கலவரக் கச்சேரி’ என்று ஒரு அட்டை தயார் செய்து, மாதிரிக்கு ஒன்று அச்சடித்தும் வைத்துவிட்டான். எந்தக் கேடு நடந்தாலும் இவனுக்கு அட்டை அச்சடிக்கத்தான் தோன்றும்.

மைக் அவனுடைய காலரிலேயே இருந்ததால் எல்லாச் சத்தத்தையும்விட அவன் சத்தம்தான் பெரிதாக விழுந்திருந்தது. “போலி! இறங்குடா கீழ!” அப்புறம் எறியும்போது வந்த முக்கல். அப்புறம் டிரம்ஸில் ஒரு சின்ன உருட்டு. உருட்டு முடியும் இடத்தில் சரியாக, மைக்கில் ‘டொப்’.

முன்கூடத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி காலை நிறுத்தினாள். துணி தைப்பது அவள் தொழில். சிடி அட்டைகளை மடிப்பதும் அவள் தலையில்தான்.

“ஏங்க, அது உங்க குரல் மாதிரி இருக்கே?”

“உனக்கென்ன தெரியும்? கூட்டத்துல ஆயிரம் பேரு கத்துவான்.”

“ஆயிரம் பேரு கத்துவான். தாலி கட்டுனவன் குரல் ஒண்ணுதான்.”

அவன் கதவைச் சாத்தினான். கத்தலையும் முக்கலையும் வெட்டி எடுத்தான். நாலு வினாடி. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அடி மேல் அடி பொருந்த ஒட்டினான். கீறல் பொறுக்குவதில் தேர்ந்த கை, ஒட்டிய இடம் அவனுக்கே தெரியவில்லை. வெட்டாத பதிவை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. மூலத்தை அழித்தால் பாவம் என்பது அவனுடைய ஒரே மதம். வேறொரு பெயரில் உள்ளே தள்ளி வைத்தான்.

பதினோரு மணிக்கு வாசல் கதவை யாரோ உதைத்தார்கள். தாழ்ப்பாள் திருகாணியோடு பெயர்ந்து கூடத்தில் உருண்டது.

டிரம்ஸ்காரர். இடது புருவத்தில் தையல், கையில் அதே கம்பி, நடுவில் வளைந்தபடி. முள்ளுவுக்குத் தெரியாத முகமா? பழைய அட்டையில் இருந்த அந்த மெலிந்த பையனின் கண்கள் இந்த முரட்டு ஆளின் முகத்தில் அப்படியே இருந்தன. ஒரு நொடி அவனுக்கு மகிழ்ச்சிகூட வந்தது. என் வீட்டுக்கு வந்திருக்கிறார்! மறுநொடி கம்பி அவன் தோளில் இறங்கியது.

“நீதான சிடி போடுறவன்?”

“அண்ணே... யாரு சொன்னது?”

“உன்கிட்ட வாங்கி விக்கிறவன். அவனும் சும்மா சொல்லல, ரெண்டு பல்லு போனப்புறம்தான் சொன்னான்.”

சட்டையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனார். முகத்தைக் கதவுச் சட்டத்தில் ஒரு தடவை மோதினார். மூக்கு உடைந்து ரத்தம் வாயில் இறங்கியது. ஏழு சிடியை ஒரே நேரத்தில் நகலெடுக்கும் பெட்டி மூலையில் இருந்தது. அதை ஒரே அடியில் பிளந்தார். அடுக்கி வைத்திருந்த சிடிப் பெட்டிகளைக் கம்பியால் வாரிச் சரித்து, மேலேறி மிதித்தார். பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முள்ளு தவழ்ந்து போய் ரெக்கார்டு பிளேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“இத மட்டும் வேண்டாம்ணே. கால்ல விழறேன். உங்க தட்டு மேல இருக்கு.”

மனைவி தையல் கத்தரியோடு உள்ளே பாய்ந்தாள். நேராகக் குத்தினாள். டிரம்ஸ்காரரின் முன்கையில் இரண்டு அங்குலம் கிழிந்தது. அவர் அவளைத் தள்ளிய வேகத்தில் அலமாரியில் போய் விழுந்தாள். கத்தரியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, “உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. உக்காரு” என்றார். அவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

டிரம்ஸ்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிடிப் பெட்டியை எடுத்து முள்ளுவின் முகத்தில் எறிந்தார். முள்ளு போட்ட சிடி, இரண்டாவது ஆல்பம்.

“பின்னாடி படி. கடைசிப் பாட்டு எவ்ளோ நேரம்?”

முள்ளு மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தான். “இரும்புக் கதவு... நாலு நிமிஷம் பதினஞ்சு.”

“போடு. மிஷின்ல எவ்ளோ காட்டுதுன்னு பாரு.”

கம்ப்யூட்டரில் போட்டான். திரையில் வந்த எண்ணைப் பார்த்தான். நாலு நிமிஷம் ஒரு வினாடி. பதினோரு வருடமாக அந்த எண் அங்கேதான் இருந்தது. அட்டையை லேபிளைப் பார்த்து அச்சடித்தவன், சிடியின் நேரத்தோடு அதை ஒருநாளும் ஒப்பிடவில்லை. லேபிளில் இருப்பது வேதம். வேதத்தை யார் சரிபார்ப்பார்கள்!

“பதினாலு செகண்டு எங்கடா போச்சு?”

“நான் ஒண்ணும் வெட்டலண்ணே. சத்தியமா.”

“நீ வெட்டிட்டன்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிக்குள்ள உக்காந்து கேட்டேன். ஒரு அடி கொறையல. எல்லாம் இருக்கு. ஆனா அந்த வேகத்துல என் கை அடிச்சதே இல்ல. எங்கண்ணன் தொண்டை அந்த சுருதியில பாடினதே இல்ல.”

பேசிக்கொண்டே ரெக்கார்டு பிளேயரின் மேல்தட்டைத் தூக்கினார். பட்டறைக்காரரின் கை, எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மோட்டாரின் சின்ன உருளையை விரலால் தடவினார். நின்றார்.

“இது என்ன?”

முள்ளுவுக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போதுதான் வந்தது. வாங்கின புதிதில் பெல்ட் வழுக்கியது. புது பெல்ட் எங்கும் கிடைக்கவில்லை. உருளைமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினான். பெல்ட் கவ்விப் பிடித்தது, தட்டு ஜம்மென்று ஓடியது, அன்றைக்கு மனைவியிடம் பெருமைகூட அடித்துக்கொண்டான். உருளை தடித்தால் தட்டு வேகமாக ஓடும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தட்டு வேகமாக ஓடினால் பாட்டு முழுவதும் அரைக்கட்டை மேலே ஏறும். அந்தக் குழுவின் பாட்டை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

டிரம்ஸ்காரர் நகத்தால் டேப்பைக் கிள்ளி உரித்தார். பெல்ட்டை மாட்டி, தட்டைத் திரும்ப ஏற்றி, பெல்ட்டின் தொளதொளப்பை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘இரும்புக் கதவு’ தொடங்கும் இடத்தில் முள்ளை இறக்கினார்.

மேடையில் கேட்ட அதே குரல் வந்தது. அதே சுருதி, அதே நிதானம். இருபத்தேழு வருடத்தில் அந்த மனிதரின் குரல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. எண்ணூறு பேருக்கு நடுவில் அவர் ஒருவர்தான் சரியாக இருந்தார்.

முள்ளு அழுதான். அடி வாங்கினபோது வராத அழுகை. ‘போலி’ என்று அவன் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சமாதானம் போய்விட்டது. மிச்சம் இருந்தது அவன் எறிந்த அந்த சோடா பாட்டில் மட்டும்தான். இந்த ஆளுக்கு அது தெரிந்தால் உயிரோடு விடமாட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு அழுதான்.

“அழு. எங்கண்ணன் எழுதிக் காட்டினாரு: ‘நான் சரியாத்தானடா பாடினேன்?’ இதான் கேள்வி. சோறு வேணாம், தண்ணி வேணாம், இதையே திரும்பத் திரும்ப எழுதறாரு. சரியாத்தான் பாடினேன்னு அவருக்குக் காட்டணும்.” பிரிண்டர்மேல் கிடந்த அட்டையை அப்போதுதான் பார்த்தார். ‘கலவரக் கச்சேரி.’ எடுத்து இரண்டு தடவை படித்தார். படித்து முடித்ததும் கம்பி முள்ளுவின் விலாவில் விழுந்தது. உள்ளே எதுவோ முறிந்தது அவனுக்கே கேட்டது.

“ரெக்கார்ட் பண்ணிருக்க. இல்ல?”

முள்ளு தலையாட்டினான்.

“போடு.”

“கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரேண்ணே...”

“நீ சுத்தம் பண்ணின வரைக்கும் போதும். போடு.”

முள்ளு வெட்டி ஒட்டிய பதிவைப் போட்டான். தப்பித்துவிடலாம் என்று அப்போதும் நினைத்தான். மனைவி சுவரோரம் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஓடியது. டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் அண்ணன் பாட, தம்பியின் விரல்கள் மேஜை விளிம்பில் தட்டத் தொடங்கின. தான் அடித்ததைத் தானே கூடவே அடித்துக்கொண்டு போனார். கத்தரி கிழித்த கையிலிருந்து ரத்தம் மேஜையில் சொட்டியது, அவர் கவனிக்கவில்லை. கூச்சல் ஏறியது. ஒட்டிய இடம் வந்தது, போனது. உருட்டு. ‘டொப்.’

விரல்கள் மட்டும் நிற்கவில்லை. ‘டொப்’ கேட்ட பிறகும் மேஜையில் தட்டிக்கொண்டே போய், அங்கே ஒரு உருட்டு உருட்டி முடித்தன. டிரம்ஸ்காரர் கண்ணைத் திறந்தார்.

“எட்டு சுத்து தாளம் அடிச்சுதான் உருட்டுவேன். எனக்குத் தூக்கத்துலகூட மாறாது. இதுல ஆறுதான் இருக்கு.” கம்பியை எடுத்தார். “ரெண்டு சுத்து காணோம். எங்க?”

முள்ளு மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எங்கண்ணன் மேல பாட்டில் விழறதுக்கு முன்னாடி ரெண்டு சுத்து வெட்டியிருக்க. அதுல என்னடா இருந்துச்சு?”

“கீறல்...”

“கீறல் தட்டுலதானடா விழும்? ரெக்கார்டர்ல ஏது கீறல்?”

சுவரோரத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “போட்டுடுங்க. ஆஸ்பத்திரியில கெடக்கற அந்த மனுஷனுக்காவது முழுசாப் போய்ச் சேரட்டும்.”

முள்ளு அவளைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். இதுவரை அவன் போட்ட எல்லாவற்றிலும் ‘அசல் ஒலி’ என்று முத்திரை குத்தியிருக்கிறான். ஒன்றாவது அப்படி இருந்ததில்லை. உள்ளே தள்ளி வைத்திருந்த மூலத்தைத் தேடி எடுத்தான். பாட்டை ஓடவிட்டான். பிறகு யாரும் சொல்லாமலே எறிந்த வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தான்.

கூச்சல் ஏறியது. அப்புறம் அறையே அதிரும்படி, மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே, அவன் குரல் வந்தது. “போலி! இறங்குடா கீழ!” ஒரு முக்கல். அவற்றுக்கு அடியில் ஏழாவது சுற்று, எட்டாவது சுற்று.

டிரம்ஸ்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். உருட்டு ஆரம்பித்ததும் கம்பியை உயர்த்தினார். தாளம் தவறாத கை. உருட்டு முடிந்து ‘டொப்’ என்ற அதே அடியில், துளி முந்தாமல் பிந்தாமல், கம்பி இறங்கியது.

முள்ளுவின் அலறல் அடங்கும்வரை அவர் காத்திருந்தார். மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“மறுபடி போடு” என்றார் டிரம்ஸ்காரர்.

வலது கை விரல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தன என்று முள்ளு பார்க்கவில்லை. கையை மேஜையிலிருந்து எடுக்கவும் இல்லை. இடது கையால் பாட்டை முதலிலிருந்து போட்டான்.